அழிக்கவிருந்த ஒரிஜினல்கள்: ஒரு வீட்டு வீடியோத் தொகுப்பை எம்பி4-க்கு மாற்றிய வேலையின் நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவரின் ஹார்ட் டிஸ்கில் குடும்ப வீடியோக்கள் இரண்டு ஃபோல்டர்களில் இருந்தன. ஒன்றில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஒரிஜினல் கோப்புகள். மற்றொன்றில் அதே வீடியோக்களின் எம்பி4 பிரதிகள். இலவசமாகக் கிடைத்த ஒரு கன்வெர்ட்டரில் எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டு, 'ஃபுல் எச்டி எம்பி4' என்ற ஒரே தேர்வில் அவர் மாற்றி வைத்திருந்தார். வயதான தாயார் டிவியில் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். டிவியில் ஓடவும் செய்தன. ஆனால் முகங்கள் அகலமாகத் தெரிந்தன, கை அசைந்தால் ஓரங்களில் சீப்புப் பற்களைப் போலக் கோடுகள் வந்தன, சில வீடியோக்களில் போகப் போகப் பேச்சு உதட்டசைவை விட்டு விலகியது. பழைய வீடியோ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"எம்பி4 எல்லாம் வந்துடுச்சு, ஒரிஜினலை அழிச்சிடலாமா? ரொம்ப இடம் அடைக்குது" என்று அவர் கேட்டதில்தான் இந்த வேலை ஆரம்பித்தது. அழிக்க வேண்டாம் என்றேன். பழைய வீடியோவில் இயல்பாக இருக்கும் குறைகள் வேறு, மாற்றும்போது புகுந்த குறைகள் வேறு. அவர் சொன்னவை அத்தனையும் இரண்டாம் வகை. அது ஒரிஜினல்களைத் திறந்து பார்த்தபோது உறுதியாகிவிட்டது.

கோப்புக்குள் என்ன இருந்தது

எந்த வீடியோவையும் மாற்றுவதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். கோப்புப் பெயரின் கடைசியில் இருக்கும் ஏவிஐ, எம்கேவி, எம்பி4 ஆகியவை கண்டெய்னரின் பெயர்கள், அதாவது வெளி உறையின் பெயர்கள். உள்ளே படம் ஒரு கோடெக்கிலும், அதாவது சுருக்கும் முறையிலும், ஒலி இன்னொரு கோடெக்கிலும் சுருக்கப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் 1992-இல் கொண்டுவந்த ஏவிஐ உறைக்குள் எத்தனையோ விதமான கோடெக்குகள் இருக்கலாம். எம்பி4-க்குள் எச்.264-உம் இருக்கலாம், எச்இவிசியும் இருக்கலாம். டிவி 'இந்த ஃபார்மேட்டை இயக்க முடியாது' என்று சொல்லும்போது அது உறையைச் சொல்கிறதா, படத்தைச் சொல்கிறதா, ஒலியைச் சொல்கிறதா என்பது அந்தச் செய்தியிலிருந்து தெரியாது. கோப்பின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றிப் பெயரிடுவதால் உள்ளே எதுவும் மாறாது. நண்பர் அதையும் செய்து பார்த்திருந்தார்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இதை ஒரு நொடியில் காட்டிவிடும். எல்லாக் கோப்புகளையும் அதில் போட்டுப் பார்த்ததில் நான்கு வகைகள் பிரிந்தன. மினி டிவி (MiniDV) நாடா கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்த ஏவிஐ கோப்புகள். டிவிடிக்களிலிருந்து அப்படியே நகலெடுத்த விஓபி துண்டுகள். வீடியோ அழைப்பில் நடந்த குடும்பக் கூட்டங்களை ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் பதிவு செய்த எம்கேவி கோப்புகள். ஃபோனில் எடுத்த எம்ஓவி கோப்புகள். இந்த நான்குக்கும் நான்கு விதமான சிகிச்சை தேவை. கன்வெர்ட்டர் நான்குக்கும் ஒன்றையே கொடுத்திருந்தது. மொத்தமாகப் போட்டு மாற்றுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

நாடாக் கோப்புகள்

தொகுப்பில் விலைமதிப்பற்ற பகுதி இதுவே. அதிகம் கெட்டுப்போனதும் இதுவே. ஒரிஜினலில் படத்தின் அளவு 720×576, நொடிக்கு 25 ஃப்ரேம், படத்துக்கு மட்டும் நொடிக்கு 25 மெகாபிட். ஒலியும் மற்ற தரவுகளும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 13 ஜிபி. 'இடம் அடைக்கிறது' என்று நண்பர் சொன்னது இவற்றைத்தான். மீடியாஇன்ஃபோ இன்னொன்றும் காட்டியது: ஸ்கேன் வகை இன்டர்லேஸ், கீழ் ஃபீல்ட் முதலில்.

இன்டர்லேஸ் என்பதை விளங்கிக்கொண்டால் அந்தச் சீப்புக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதும் விளங்கிவிடும். அந்தக் காலத்துக் கேமரா நொடிக்கு 25 முழுப் படங்களை எடுக்கவில்லை. 50 அரைப் படங்களை எடுத்தது; இந்த அரைப் படத்துக்குத்தான் ஃபீல்ட் என்று பெயர். முதல் அரைப் படத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரிகள், அடுத்ததில் விடுபட்ட 288 வரிகள். இரண்டுக்கும் இடையே நொடியில் 50-இல் ஒரு பங்கு காலம் ஓடியிருக்கும். கோப்பில் ஒரு ஃப்ரேம் என்று இருப்பது இந்த இரண்டு கணங்களையும் வரிவரியாகக் கோத்த படம். பழைய பெட்டி டிவி இந்த அரைப் படங்களை எடுத்த வரிசையிலேயே காட்டியதால் எந்தக் குறையும் தெரியவில்லை. இன்றைய திரை முழு ஃப்ரேமையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. ஓடும் குழந்தையின் கை ஒற்றை வரிகளில் ஓரிடத்திலும் இரட்டை வரிகளில் வேறிடத்திலும் இருப்பதால் ஓரம் பல்லுப்பல்லாகத் தெரிகிறது.

இதற்கு மருந்து டீஇன்டர்லேஸ். விடுபட்ட வரிகளை முன்பின் அரைப் படங்களைப் பார்த்துக் கணித்து நிரப்பும் வேலை அது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: படத்தின் உயரத்தை மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கன்வெர்ட்டர் இதைச் செய்யாமல் 576 வரிகளை நேராக 1080 வரிகளாக இழுத்துவிட்டது. இழுக்கும்போது பக்கத்துப் பக்கத்து வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதன்பின் எந்த வரி எந்தக் கணத்தைச் சேர்ந்தது என்று பிரிக்க வழியில்லை. எம்பி4 பிரதிகளில் இந்தக் கலப்பு நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. ஒரிஜினல்களை அழித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எச்டியாக இழுத்ததில் வேறு மூன்று கேடுகளும் சேர்ந்தன.

முதலாவது, வடிவம். 720×576 படத்தின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. பார்வைக்கு அது 4:3 படமாக விரிய வேண்டும், அதாவது சதுரப் புள்ளிகளில் சொன்னால் 768×576. அந்தக் குறிப்பு கோப்பிலேயே இருக்கிறது. கன்வெர்ட்டர் அதைப் பார்க்காமல் 16:9 திரைக்கு இழுத்ததால் எல்லோரும் இருக்க வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு அகலமானார்கள். இரண்டாவது, பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு. 1920×1080 என்பது 720×576-ஐப் போலச் சரியாக 5 மடங்கு புள்ளிகள். அத்தனை புள்ளிகளுக்கும் சேர்த்து அது ஒதுக்கியது நொடிக்கு 2 மெகாபிட். இருட்டான அறையில் எடுத்த காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. மூன்றாவது பலரும் கவனிக்காதது: நிறம். பழைய தர வீடியோவின் நிறங்கள் பிடி.601 என்ற கணக்கிலும், எச்டியின் நிறங்கள் பிடி.709 என்ற கணக்கிலும் எழுதப்படுகின்றன. கோப்பில் குறிப்பு இல்லாவிட்டால் பல பிளேயர்கள் படத்தின் அளவை வைத்தே எந்தக் கணக்கு என்று ஊகித்துக்கொள்ளும். நிறத்தை மாற்றாமல் அளவை மட்டும் எச்டியாக்கினால் ஊகம் தவறிப்போய், முகத்தின் நிறம் லேசாகத் திரிந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நண்பருக்கு வித்தியாசம் தெரிந்தது.

எச்டியாக்கியதால் ஒரு துளி விவரமும் கூடவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

நாடாக் கோப்புகளுக்கு ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளைத் தேர்ந்தேன். அதில் செய்த தேர்வுகளைச் சொல்லிவிடுகிறேன். டீஇன்டர்லேஸுக்கு பிடபிள்யூடிஃப் ஃபில்டர், 'பாப்' முறையில். இந்த முறையில் ஒவ்வோர் அரைப் படமும் ஒரு முழு ஃப்ரேமாகி, நொடிக்கு 50 ஃப்ரேம் கிடைக்கும். 25 ஃப்ரேமாகவே வைப்பதுதான் பலருடைய வழக்கம்; கோப்பும் சிறிதாகும். ஆனால் கேமரா பிடித்த அசைவில் பாதி அதில் போய்விடும். குழந்தைகள் ஓடுவதும் ஊஞ்சல் ஆடுவதும் வழுக்கிக்கொண்டு போவதைப் போல இருப்பதுதான் இந்த நாடாக்களின் உயிர். அதை விடக்கூடாது என்று 50-ஐயே வைத்தேன். படத்தின் அளவு 768×576, சதுரப் புள்ளிகள். அளவை 720×576-ஆகவே விட்டு 4:3 என்று குறிப்பு மட்டும் எழுதியிருக்கலாம், அதுவே சுத்தமான முறை. நண்பர் வீட்டு டிவி அந்தக் குறிப்பை மதிக்கவில்லை என்பதைச் சோதித்துப் பார்த்தபின் இந்த முடிவுக்கு வந்தேன். கடைசி இரண்டு நாடாக்கள் கேமராவிலேயே 16:9-இல் எடுக்கப்பட்டவை. அவற்றுக்கும் கோப்பின் அளவு அதே 720×576தான், ஆனால் விரிய வேண்டியது 1024×576. அளவை மட்டும் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. குறிப்பையும் படத்தையும் பார்க்க வேண்டும்.

ஃபீல்ட் வரிசையும் முக்கியம். மினி டிவி நாடாவில் கீழ் ஃபீல்ட் முதலில் வரும், டிவிடிக்களில் பெரும்பாலும் மேல் ஃபீல்ட் முதலில். வரிசை மாறினால் அசையும் பொருள் ஓரடி முன்னே போய் அரையடி பின்னே வருவதாக நடுங்கும். இதைக் கண்டுபிடிக்க விஎல்சி பிளேயரில் மாற்றிய வீடியோவை நிறுத்தி, ஆங்கில 'ஈ' விசையை அழுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினால் போதும். ஒரு திசையில் நடப்பவர் இடையே பின்னோக்கிப் போகிறாரா என்று பார்க்க வேண்டும்.

எச்.264-ஐ ஏன் தேர்ந்தேன், எவ்வளவு தரம்

எச்இவிசி 2013-இலும் ஏவி1 2018-இலும் வந்தவை. ஒரே தரத்துக்கு எச்.264-ஐவிடச் சிறிய கோப்பைத் தரும். ஆனால் எச்.264 2003-இல் வந்தது; அதை இயக்காத டிவியும் ஃபோனும் கிடைப்பது அரிது. இந்தத் தொகுப்பின் நோக்கம் யாருடைய கருவியிலும் கேள்வி கேட்காமல் ஓடுவது. ஆகவே எச்.264, ஒலிக்கு ஏஏசி. நாடாவில் ஒலி சுருக்கப்படாத பிசிஎம். அதை நொடிக்கு 192 கிலோபிட் ஏஏசியாக மாற்றினேன்.

பிட்ரேட்டை நாமே ஓர் எண்ணாகக் கொடுத்துவிட்டால், அமைதியான காட்சிக்கு அது மிகுதியாகும், பரபரப்பான காட்சிக்குப் பற்றாமல் போகும். சிஆர்எஃப் முறையில் தரத்தைச் சொல்லிவிட்டால் தேவையான பிட்ரேட்டை என்கோடரே (சுருக்கும் மென்பொருளே) காட்சிக்குக் காட்சி கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எச்.264-க்கான எக்ஸ்264 என்கோடரில் இது 0 முதல் 51 வரை. எண் குறையக் குறையத் தரம் கூடும். வழக்கமாக அதுவே எடுத்துக்கொள்வது 23. ஏறக்குறைய 6 எண் கூட்டினால் கோப்பு பாதியாகும். எச்இவிசிக்கான எக்ஸ்265-இல் அதே எண் அதே தரத்தைக் குறிக்காது, அதன் வழக்கமான எண் 28. ஆகவே ஒன்றுக்குப் படித்த எண்ணை இன்னொன்றில் போடக்கூடாது.

எண்ணை முடிவு செய்ய முழு நாடாவையும் ஓட்டத் தேவையில்லை. மிகக் கடினமான ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே அது மின்விளக்கின் மங்கலில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் காட்சி: புள்ளிப்புள்ளியான இரைச்சல், வேகமான அசைவு, பின்னால் பூப்போட்ட திரைச்சீலை. அந்த நிமிடத்தை 18, 20, 23 ஆகிய மூன்று எண்களில் மாற்றி, டிவியிலேயே போட்டுப் பார்த்தோம். 23-இல் திரைச்சீலையின் பூக்கள் கரைந்தன. 20-இல் உட்கார்ந்து பார்க்கும் தூரத்திலிருந்து குறை தெரியவில்லை. 18-இல் பக்கத்தில் போய் நின்றாலும் தெரியவில்லை. 18-ஐத் தேர்ந்தோம். ஒரு மணி நேர நாடா 2 முதல் 3 ஜிபிக்குள் அடங்கியது. அவர் வைத்திருந்த பென் டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்தது. அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த வரம்புக்குள்ளும் வந்துவிட்டது.

கிராஃபிக்ஸ் கார்டில் என்கோட் செய்தால் பல மடங்கு வேகம் கிடைக்கும். அன்றாட வேலைக்கு அது நல்லதுதான். ஒரே ஒரு முறை செய்து பல்லாண்டு வைத்திருக்கப்போகும் கோப்புக்கு, அதே அளவுக்குள் அதிகத் தரம் தரும் எக்ஸ்264-ஐ 'ஸ்லோ' வேகத்தில் ஓட விடுவதே சரி என்பது என் கருத்து. இரவில் ஓடட்டும், யாரும் காத்திருக்கப் போவதில்லை. இரைச்சலைக் குறைக்கும் ஃபில்டரை நண்பர் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். இரைச்சலோடு சேர்ந்து தாத்தாவின் முகச் சுருக்கமும் மழுங்கிப்போகும்.

எம்கேவி: மாற்றவே தேவையில்லாதவை

ஓபிஎஸ் பதிவுகளுக்குள் இருந்தவை எச்.264 படம், ஏஏசி ஒலி. டிவிக்கு வேண்டியவை அவைதாம். உறை மட்டும் எம்கேவி. பதிவின் நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது கெடாமல் இருக்கும் என்பதால் இந்த உறையில் பதிவு செய்வது வழக்கம். சாதாரண எம்பி4-இல் கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும், பாதியில் நின்றால் கோப்பு திறக்காது.

இவற்றுக்குத் தேவைப்பட்டது ரீமக்ஸ், அதாவது படத்தையும் ஒலியையும் தொடாமல் உறையை மட்டும் மாற்றுவது. ஓபிஎஸ்ஸின் 'கோப்பு' மெனுவிலேயே இதற்கு வழி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் தெரிந்தவர்கள் கோடெக்குக்கு 'காப்பி' என்று கொடுத்துச் செய்யலாம். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய அந்த மென்பொருள்தான் பல கன்வெர்ட்டர்களுக்கு உள்ளே இருந்து வேலை செய்கிறது. ஒரு மணி நேரப் பதிவு, கோப்பை நகலெடுக்கும் நேரத்தில் முடிந்துவிடும். தரத்தில் இழப்பு சுத்தமாக இல்லை. ஹேண்ட்பிரேக்கில் இதைச் செய்ய முடியாது, அது படத்தை எப்போதும் மறுபடி என்கோட் செய்யும். கன்வெர்ட்டரோ இவற்றையும் பிரித்து, மறுபடி சுருக்கி, மணிக்கணக்கில் கணினியைச் சூடாக்கி, முதலில் இருந்ததைவிட மோசமானதைத் தந்திருந்தது. இதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. நேரமும் மின்சாரமும் தரமும் மூன்றும் வீணாகியிருந்தன.

டிவிடியும் ஃபோனும்

டிவிடியில் ஒரு நிகழ்ச்சி 1 ஜிபி அளவுள்ள விஓபி துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். வெட்டு எங்கே விழும் என்பதற்கும் காட்சிக்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றியதால் ஒருவர் பேசும் வாக்கியம் ஒரு கோப்பில் தொடங்கி அடுத்த கோப்பில் முடிந்தது. ஹேண்ட்பிரேக்கில் தனித் துண்டைத் திறக்காமல் டிவிடியின் வீடியோ ஃபோல்டரை முழுதாகத் திறந்தால், நிகழ்ச்சியை ஒரே தலைப்பாகக் காட்டும். அதன்பின் நாடாவுக்குச் செய்த அதே டீஇன்டர்லேஸ், இங்கே மேல் ஃபீல்ட் முதலில்.

ஃபோன் கோப்புகளில் இரண்டு சிக்கல்கள். படம் எச்இவிசியில் இருந்ததால் பழைய டிவி திறக்கவில்லை. அதற்கு என்கோட் செய்வதைத் தவிர வழியில்லை. பேச்சு விலகியதற்குக் காரணம் ஃப்ரேம் வேகம். ஃபோன் கேமரா நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஒவ்வொரு ஃப்ரேமும் எந்தக் கணத்தில் வர வேண்டும் என்பதைக் கோப்பில் குறித்துவைக்கும். சராசரி 29.9 இருக்கும் வீடியோவை, அந்தக் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு 30 என்று எடுத்துக்கொண்டு அடுக்கினால், 20 நிமிடத்தில் படம் ஒலியைவிட 4 நொடி முந்திவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகுவது இந்த நோயின் அடையாளம். முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகியிருந்தால் காரணம் வேறு. ஹேண்ட்பிரேக்கில் 30, கான்ஸ்டன்ட் என்று தேர்ந்தால் அது நேரக் குறிப்புகளைப் பார்த்து, குறையும் இடத்தில் ஃப்ரேமை இரட்டிப்பாக்கிச் சமன் செய்கிறது. நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோக்கள் டிவியில் படுத்துக் கிடந்ததும் இதே ஓட்டத்தில் சரியானது. சுழற்ற வேண்டும் என்ற குறிப்பைப் பழைய டிவி படிக்கவில்லை. மறுபடி என்கோட் செய்தபோது படமே நிமிர்ந்துவிட்டது.

சரிபார்ப்பும் சேமிப்பும்

மாற்றிய ஒவ்வொரு கோப்பிலும் தொடக்கம், நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களில் உதட்டசைவைப் பார்த்தோம். நீளம் ஒரிஜினலோடு நொடிக் கணக்கில் ஒத்துப்போகிறதா என்று மீடியாஇன்ஃபோவில் ஒப்பிட்டோம். எஃப்எஃப்எம்பெக்கில் கோப்பை எங்கும் எழுதாமல் முழுவதும் படிக்க மட்டும் விட்டால், நடுவில் கெட்ட ஃப்ரேம் இருந்தால் சொல்லிவிடும். ஒரு நாடாக் கோப்பில் அப்படி ஒரு பிழை வந்தது. ஒரிஜினலிலேயே அந்த இடத்தில் நாடா தேய்ந்திருந்தது, செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஒரிஜினல்கள் அழிக்கப்படவில்லை. இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, இரண்டுக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் (நகல் மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்) ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டையும் இரண்டு வீடுகளில் வைத்தாயிற்று. புதிய எம்பி4-கள் பார்ப்பதற்கு, ஒரிஜினல்கள் வைத்திருப்பதற்கு. நாளை இதைவிட நல்ல டீஇன்டர்லேஸ் முறை வந்தால் அந்த 13 ஜிபி கோப்புகளிலிருந்துதான் அதைச் செய்ய முடியும். கன்வெர்ட்டரின் பழைய பிரதிகளை மட்டும் அழித்தோம், ஒன்றைத் தவிர.

மீட்க முடியாத ஒன்று

அந்த ஒன்றுக்கு ஒரிஜினல் இல்லை. என்னிடம் கேட்பதற்கு முன்பே, சோதனையாக அவர் அழித்துப் பார்த்த நாடாக் கோப்பு அது. நாடாவும் கைவசம் இல்லை. கலந்துபோன வரிகளை எந்த ஃபில்டரும் பிரிக்கவில்லை. சிலவற்றைப் போட்டுப் பார்த்ததில் கோடுகள் குறைவதற்குப் பதிலாகப் படம் முழுவதும் மங்கியது. மறுபடி என்கோட் செய்வது இருப்பதையும் கெடுக்கும் என்பதால் படத்தைத் தொடாமல் விட்டோம்.

வடிவத்தை மட்டும் சரிசெய்ய முடிந்தது. படத்தை 4:3-இல் காட்டு என்ற குறிப்பை, என்கோட் செய்யாமலேயே எஃப்எஃப்எம்பெக்கில் கோப்புக்குள் எழுதிவிடலாம். கம்ப்யூட்டரும் ஃபோனும் அதைப் படித்து முகங்களை இயல்பான அகலத்தில் காட்டுகின்றன. டிவி படிக்கவில்லை. அந்த ஒரு வீடியோவைப் போடும்போது ரிமோட்டில் படவடிவத்தை 4:3-க்கு மாற்ற வேண்டும் என்பதை நண்பர் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்.